அருள்மேரிக்கு வந்த கடிதம்

கொடைக்கானல்
12.3.1984

அன்புள்ள அப்பாவுக்கு, தோத்திரம். மாதாவின் கிருபையில் நலம். உங்கள் மூச்சிரைப்பு குறைந்ததா?

விடுதிப் பிள்ளைகளின் கடிதங்களை வார்டனான நான் படித்துவிட்டுத்தான் கொடுப்பேன். கிளாவரை கிராமத்துப் பிள்ளை அருள்மேரிக்கு, அவள் அம்மா படுத்த படுக்கை என்று கடிதம் வந்தது. பரீட்சை முடியட்டும் என்று ஒளித்துவைத்தேன்.

"லெட்டர் வந்துச்சா டீச்சர்?"

"இல்லம்மா."

அந்தப் பொய்யோடு நேற்றுப் பூசையில் நற்கருணை வாங்க என்னால் எழ முடியவில்லை. இன்று காலை கடிதத்தை அவளிடம் கொடுத்துவிட்டேன்.

"எம்புட்டு நாளா வச்சிருந்தீங்க?"

"ஆறு நாள்."

அவளைத் துணையோடு ஜீப்பில் ஊருக்கு அனுப்பினேன். திரும்பியே பார்க்கவில்லை.

என் பழைய கம்பளியை அனுப்புங்கள். உடம்புக்கு முடியாவிட்டால் மறைக்காமல் எழுதுங்கள் அப்பா.

ஜீப் திரும்பிவிட்டது. அவள் அம்மா உயிரோடு இருக்கிறாளா என்று டிரைவரிடம் கேட்க வேண்டும்.

மகள்
கித்தேரி