இத்தா அறையில் ஒரு விமானம்

சாய்ந்தமருது
12.02.1982

அன்பு மகன் காலிதீனுக்கு உம்மா ஸலாத்துடன் எழுதுவது. உடம்பு சுகம், அறையை விட்டு வெளியே போகாதவளுக்கு நோய் எங்கிருந்து வரும்? குவைத்தில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்க அல்லாஹ் அருள்வானாக. வாப்பா மௌத்தாகி, அவரை அடக்கம் செய்து, நான் இத்தா இருக்கத் தொடங்கி இன்றைக்கு எழுபத்தொரு நாள். கணவனை இழந்தவள் பிற ஆண்கள் கண்ணில் படாமல் நாலு மாதம் பத்து நாள் இருக்க வேண்டும், யன்னலுக்கும் சீலை போட்டுவிட்டார்கள். வீட்டிலிருந்த புத்தகங்களை இரண்டு தரம் படித்துவிட்டேன், அதனால் நீ வாப்பாவுக்கு அனுப்பிய, துண்டுகளை ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் விமானப் பெட்டியை எடுத்துக்கொண்டேன். அவர் துண்டுகளைச் சட்டத்திலிருந்து முறித்தே எடுத்திருக்கிறார், ஒவ்வொன்றிலும் பிசிறு. நான் பிளேட்டால் மெல்லச் சீவி, அரத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிறேன், உலர்ந்த தாள் கீறுகிறது. இறக்கை இரண்டும் இப்போது விரலுக்குத் தடங்கலில்லை.

போன வெள்ளி சீனிமுகம்மது மாமா வந்தார், கூடப்பிறந்த காக்கா என்பதால் அவருக்குத் தடையில்லை. விமானம் ஓட்டுபவனின் சின்னப் பொம்மையைக் கண்டு, "முகமுள்ள உருவம் இரிக்கிற ஊட்டுக்குள்ள மலக்குமார் வரமாட்டாங்க புள்ள" என்றார். வானவர் வருகையை நான் ஏன் தடுப்பானேன், சரியென்று அவர் முன்னாலேயே கண், மூக்கு, வாய் எல்லாவற்றையும் தேய்த்து மழுமழுப்பாக்கினேன். வாயில்லாத ஆளைக் கண்டதும் அவருக்குத் துணிவு வந்திருக்க வேண்டும். இத்தாவில் இருப்பவளிடம் கலியாணம் பேசக்கூடாது, சாடையாகச் சொல்லலாம் என்பது சட்டம், மாமா சட்டத்தை மீறாதவர். "இறக்காமத்துக் காத்து ஒடம்புக்கு நல்லம், அங்க பொஞ்சாதி மௌத்தான, வயல் நெறைய உள்ள போடியார் ஒருத்தர் தனிய இரிக்கார்" என்றார். தன் மகள் றுகையாவுக்கு மாப்பிள்ளை கேட்டுப் போன இடமெல்லாம் வீடு கேட்கிறார்கள் என்பதையும், என் சீதன வீடு நல்ல காற்றோட்டம் என்பதையும் சாடையாகவே சொன்னார். நான் பேசாமல் தேய்த்தேன். சம்மதம் என்று விளங்குவதாகச் சொல்லி எழும்பினார். "காக்கா, வாய மூடிட்டிருந்தா சம்மதம் எண்டது குமருக்கு. மாப்புள மௌத்தானவ வாயால சொல்லோணும்" என்றேன். "உன்ட மகனே ஓம் எண்டு எழுதிட்டான்" என்றார்.

நீ அப்படி எழுதினாயா மகன்? உம்மாவைத் தனிய விடாதீங்க என்று எழுதியிருப்பாய், அதை அவர் போடியார் வரை நீட்டியிருப்பார். இத்தா முடியும் நாளில் நான் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் தனியாகச் சொன்னால் அது பிடிவாதம், உன் கடிதத்தைக் கையில் வைத்துச் சொன்னால் குடும்ப மரியாதை. ஆகவே மாமாவுக்கல்ல, எனக்கு எழுது, உம்மாவின் விருப்பம் எதுவோ அதுதான் என்று ஒரே வரி போதும், பெரிய எழுத்தில்.

தொழுகையை விடாதே, வெயிலில் வெறுந்தலையோடு நடக்காதே. றஹ்மான் உன்னைக் காப்பானாக. கடிதம் வர இரண்டு கிழமை செல்கிறது, இது கிடைத்த அன்றே பதிலைத் தபாலில் போடு.

இந்த வீட்டிலேயே இருக்கும் உன் உம்மா,
மைமூனா