மதினி காய்ச்சிய கடைசிப் பாட்டில்

என் ஆசை மதினிக்கு,

நீங்கள் பேத்தி எடுத்துவிட்டீர்கள். சுகந்திக்குப் பெண்குழந்தை. பெற்ற மகள் பிள்ளையைத் தூக்கிப் பார்க்க நீங்கள் இல்லையே என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுதுவிட்டேன். முந்தாநாள்தான் தாயையும் பிள்ளையையும் ஒத்தக்கடை வீட்டுக்குக் கூட்டிவந்தோம். வந்த அன்றைக்கே வீடு ரெண்டுபட்டுப் போனது. அதற்குக் காரணம் நீங்கள்தான், வேறு யாரைச் சொல்ல?

உங்கள் பாகு ஒரு பாட்டில் ஃபிரிட்ஜில் மிச்சம் இருந்தது. நீங்கள் கண்ணை மூடியதிலிருந்து அண்ணன் அதை யாரையும் தொடவிட்டதில்லை. ஜூஸ் கடையில் அன்னாசித் தோலைக் கேட்டு வாங்கி, ஆப்பிள் சீவலோடு வேகவைத்து வடிகட்டுவீர்கள். அதில் சீனியையும் கண்மாய்க்கரையில் நாம் பறித்துவந்த ஆவாரம்பூவையும் போட்டுக் கொதிக்கவிட்டு, எலுமிச்சை பிழிந்து, கம்பிப் பதத்தில் இறக்குவீர்கள். "கடைத்தேன்ல மட்டும் என்னத்தக் கண்டாக? இதுதாண்டி தேனு" என்று என்னோடு எத்தனை மல்லுக்கட்டு! நான் ஒருநாளாவது ஒத்துக்கொண்டேனா?

அந்தப் பாட்டிலைத்தான் அண்ணன் கையில் எடுத்தார். பிறந்த பிள்ளை நாக்கில் முதல் இனிப்பாகச் சேனை வைக்கிறவர்களின் குணம் பிள்ளைக்கு வரும் என்கிறார்களே, அதற்காக.

"எம் பொண்டாட்டி காய்ச்சுன பாகுதான் சேனை. எம் பேத்திக்கு அவ குணம் வரணும்" என்றார்.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் எங்கள் இருவரையும் நிற்கவைத்துச் சொல்லியிருந்தார்: தாய்ப்பாலைத் தவிர எதுவும் கூடாது, தேன் தொட்டு வைப்பது பச்சைப்பிள்ளைக்கு ஆபத்து. அண்ணனும் நன்றாகத் தலையாட்டினார். இப்போது அதையே எடுத்துச் சொன்னால், என்ன பதில் வந்தது தெரியுமா?

"அந்தம்மா தேனத்தான வேணாம்னுச்சு? இது தேனா? அன்னாசித் தோலும் ஆவாரம்பூவும். இதுல என்ன ஆயிரப்போகுது?"

மதினி, அத்தனை வருஷம் உங்களிடம் இது தேனே இல்லை என்று வம்பு வளர்த்தவள் நான். அந்த நிமிஷம், "தேன்தாண்ணே! அதுவும் தேன்தான்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கேட்டிருந்தால் சிரித்திருப்பீர்கள். அங்கே யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அண்ணன் விரலைப் பாகில் முக்கிவிட்டார். பிள்ளையோ பால் என்று நினைத்து வாயைத் திறக்கிறது. நான் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். பாகு என் கையில் வழிந்தது. அவர் உதறுகிறார், நான் விடவில்லை.

"பெத்திருந்தா தெரியும். ஒனக்கென்ன தெரியும் பிள்ள அரும?"

உங்கள் முன்னால் அவர் இதைச் சொல்லியிருப்பாரா? ஆனாலும் பிடியை மட்டும் தளர்த்தவில்லை. தளர்த்தினால் அந்த விரல் பிள்ளை வாய்க்குள் போய்விடும்.

அப்போதுதான் சுகந்தி பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு அப்பாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். தலையை மட்டும் திருப்பினாள்.

"அப்பா, எம் பிள்ளைக்கு வைக்க விடமாட்டேன். அத்தைய ஒண்ணும் சொல்லாதீங்க. வேணும்னா என் நாக்குல வைங்க. நான்தான அவளுக்குப் பால் குடுக்குறேன்? அம்மா என் வழியா போகட்டும்."

சொல்லிவிட்டு நாக்கை நீட்டினாள், சின்னப்பிள்ளையில் உங்களிடம் நீட்டியது மாதிரியே. நான் கையை எடுத்தேன். எடுக்கும்போதும் பயந்துகொண்டேதான் எடுத்தேன். அண்ணன் அந்த விரலை அவள் நாக்கில் வைத்தார். பிறகு அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "ஒங்கம்மா இல்லாமப் போயிட்டாளே" என்று அழுதார். பிள்ளை பால் குடிக்க ஆரம்பித்தது.

அண்ணனோடு நான் இன்னும் பேசவில்லை. சோறு போடுகிறேன், குழம்பு ஊற்றுகிறேன், வாய் மட்டும் வரமாட்டேன் என்கிறது. அவர் தவிப்பு எனக்குப் புரியாமல் இல்லை. அதற்காக அந்த வார்த்தை வலிக்காமல் போகுமா? போனால் போகுது விடு என்பீர்கள். விடுகிறேன், கொஞ்சம் நாளாகட்டும்.

உங்களுக்கு ஒரு வாக்கு தருகிறேன் மதினி. உங்கள் பேத்தி வாய்க்குள் எது போனாலும் என் கண்ணைத் தாண்டித்தான் போகும். விவரம் தெரிந்து "எங்க அம்மாச்சி எப்படி இருப்பாக?" என்று அவள் கேட்கும்போது, நான் மடியில் உட்காரவைத்துச் சொல்லுவேன், அவளுக்குப் போதும் போதும் என்று ஆகிறவரைக்கும். உங்கள் குணம் அவள் காது வழியாகப் போகட்டும்.

இப்படிக்கு,
பிள்ளை இல்லாதவள் என்று நீங்கள் ஒருநாளும் சொல்லாத
உங்கள் நாத்தனார் விஜயா