நீ பேசாமல் சமைத்த ஞாயிறு

என் இமாஸ் தேதே,

உங்கள் சுண்டா மொழியில் அக்காவைத் 'தேதே' என்பார்கள் என்று நீதான் சொல்லிக்கொடுத்தாய். துறைமுகத்தையொட்டிய இந்தப் பண்டமாரானில் எட்டு வருஷம் ஒரே கிடங்கில் பெட்டி கட்டினோம், பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தோம். நீ போன பிறகும் சுவருக்கு அந்தப் பக்கம் பானை நகரும் சத்தம் கேட்கிறது. அங்கே இப்போது யாரும் குடியில்லை.

கடல் தாண்டி உன் ஊரில் அறுவடை முடிந்து புது அரிசி இங்கே வந்தால் நீ வேறு ஆளாகிவிடுவாய். தலைக்குக் குளித்து, வெள்ளைத் துணி கட்டி, மூங்கில் கூம்பில் அரிசியைப் போட்டு ஆவியில் வேக வைப்பாய். நெல்லில் குடியிருக்கும் தாய்க்கு முதல் சோறு. அதைப் பெண்தான் ஆக்க வேண்டும். ருசி பார்க்கக் கூடாது, வெந்து இறக்கும்வரை பேசவும் கூடாது.

"அரிசியை எழுப்புறோம் பவானி. சத்தம் போட்டா பயந்துடும் லா," என்பாய் மலாயில்.

அந்த ஞாயிறு காலை உன் அடுப்படியில் வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தேன். நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாய். வேர்த்துக் கொட்டியது. "தேதே, என்ன செய்யுது?" என்றேன். நீ விரலை உதட்டில் வைத்தாய். நானும் வாயை மூடிக்கொண்டேன். அடுப்புச் சூடு என்று நினைத்தேன். நீ சரிந்து விழுந்த பிறகுதான் கத்தினேன்.

ஆம்புலன்ஸ் வந்தபோது சோறு வெந்திருந்தது. நீ இல்லை.

சும்மா இரு என்றா சொன்னாய்? இல்லை, பேச முடியவில்லை என்றா?

ஊரிலிருந்து உன் மகள் ரினா போனில் கேட்டாள். "ஆன்டி, அம்மா கடைசியா ஏதாச்சும் சொன்னாங்களா?" நான் அங்கே இல்லாததுபோல, நீ அவள் பேரைச் சொல்லிக்கொண்டே போனதாக அக்கம்பக்கத்தார் சொன்னார்கள் என்று புளுகினேன்.

போன வாரம் மறுபடி அழைத்தாள். இந்த வருஷம் முதல் சோறு அவள் ஆக்குகிறாளாம். "அம்மா மாதிரியே ஆன்டி. என்ன ஆனாலும் வாயைத் திறக்க மாட்டேன்."

அதற்குமேல் மறைக்க முடியவில்லை தேதே. எல்லாவற்றையும் சொன்னேன்.

பிறகு, "பார்த்துக்கிட்டே இருந்தீங்களா?" என்றாள்.

"இருந்தேன்மா."

வைத்துவிட்டாள். நான்கு நாள் கழித்து ஒரு செய்தி வந்தது: "வாங்க. நான் சமைக்கும்போது பக்கத்துல நில்லுங்க."

போகிறேன். அவள் முகத்தை விட்டுக் கண் எடுக்க மாட்டேன். முகம் கொஞ்சம் மாறினாலும், உங்கள் நெல்லுத் தாய் கோபித்தாலும் சரி, கத்தி ஊரைக் கூட்டுவேன். இது சத்தியம்.

உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
பவானி