மழைக்காரன் பஸ் ஏறிப் போன கதை

மாப்ள,

ரெண்டு நாளாக வானம் மூடிக்கொண்டு நிற்கிறது. பெய்யவும் மாட்டேன் என்கிறது, விலகவும் மாட்டேன் என்கிறது. இந்த ஈரக்காற்று அடித்தால் மண்டியில் கிடக்கும் தோலெல்லாம் ஒரு வாடை விடும், உனக்குத்தான் தெரியுமே. அதோடு சேர்ந்து உன் முகமூடியும் வாடை விடுகிறது. கல்லாவுக்கு மேலே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். ஆட்டுத்தோல், நீலச் சாயம், உன் வியர்வை. சரக்கு எடுக்க வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, "என்ன பாய், திருஷ்டிக்கா?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன். நரை தட்டிய ஒரு கணக்கு வாத்தியார் இதை மாட்டிக்கொண்டு மெட்ராஸில் நாள் முழுக்க நின்றான் என்று எவனிடம் போய்ச் சொல்வது?

காமிக்ஸ் மாநாட்டுக்குப் போகிறோம் என்று வீட்டில் சொன்ன அன்று என்னைப் பெத்த அத்தா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "எந்தக் கட்சி மாநாடுடா?" என்று கேட்டாரே. நீ முந்திக்கொண்டு, "மழைக் கட்சி மாமா" என்றாய். அவர் கடைசி வரைக்கும் நாம் ஏதோ விவசாயச் சங்கத்துக்குப் போய் வந்தோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

நீ வேஷம் போட்ட அந்தக் காமிக்ஸ் ஹீரோவுக்குப் புத்தகத்தில் நீளமான இங்கிலீஷ் பேர். நீ மழைக்காரன் என்று வைத்தாய், அவ்வளவுதான், எனக்கு வேறு பேரே வாயில் வரவில்லை. நீல முகமூடியும் மழைக்கோட்டுமாக அவன் கையைத் தூக்கினால் மேகம் வரும். ஆனால் ஒவ்வொரு மழைக்கும் அவன் உடம்பிலிருந்துதான் தண்ணீர் போகும். பெய்யப் பெய்ய அவன் வற்றிக்கொண்டே வருவான். அவனுக்கு எதிரி, ஊர் ஊராகப் போய்ப் பூமித் தண்ணீரை உறிஞ்சுகிற ஒரு குண்டன். அவனுக்கு நீ வைத்த பேர் காஞ்சமண்டையன். தொப்பையும் வழுக்கையும் இருக்கிற ஒரே காரணத்துக்காக ஆளாளுக்குப் புத்தகத்து வேஷம் கட்டி வருகிற மாநாட்டில் அந்த வேஷத்தை என் தலையில் கட்டினாய்.

"மத்த ஹீரோவெல்லாம் பறக்குறான், கட்டடத்த இடிக்கிறான். அதுனால எங்க ஊரு கடலைக்கு என்னலே புண்ணியம்? இவன் ஒருத்தன்தான் பிரயோசனமானவன்" என்பாய். மழையையே நம்பிக் கிடக்கிற குஜிலியம்பாறைக்காரனுக்கு வேறு எவனைப் பிடிக்கும்!

அந்த முகமூடியை நான்தான் வெட்டித் தைத்தேன். தலைமுறை தலைமுறையாகத் தோல் வியாபாரம் பண்ணுகிற குடும்பம் என்று பேர், சாயம் பிடித்து நிற்பதற்குள் அவசரப்பட்டு எடுத்துத் தைத்துவிட்டேன். மெட்ராஸ் வெயிலில், வாசல் வரிசையில் நிற்கும்போதே உன் நெற்றியிலிருந்து நீலம் ஒழுக ஆரம்பித்தது. எனக்கு உயிரே போய்விட்டது. துடைக்க வந்த கையை நீ தட்டிவிட்டாய். "ஏலே, சும்மா இரு. மழைக்காரன் நனையாம எப்பிடி இருப்பான்?" சின்னப் பிள்ளைகளெல்லாம் அது மேக்கப் என்று நினைத்து உன்னோடு நின்று போட்டோ எடுக்க முண்டியடித்தார்கள். விலை உயர்ந்த உடுப்புப் போட்டு வந்தவர்களை ஒருத்தரும் சீந்தவில்லை. திங்கட்கிழமை நீ நீல மூஞ்சியோடு பள்ளிக்கூடத்துக்குப் போனாய். ஹெட்மாஸ்டரிடம் அலர்ஜி என்று சொன்னாயாம். பிள்ளைகள் அந்த வருஷம் முழுக்க உன்னை நீல சார் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு நாம் விட்ட மாநாடு உண்டா? பெங்களூருக்குப் போனோம், ஹைதராபாத்துக்குப் போனோம். ரயிலில் போகும்போதும் வரும்போதும் ஒரே வாக்குவாதம், மழைக்காரனும் நெருப்பு ஹீரோவும் மோதினால் எவன் ஜெயிப்பான் என்று. எதிர் சீட்டில் இருந்த பெரிய மனுஷன் ஒருத்தர், "உங்க ரெண்டு பேருக்கும் பிள்ளை குட்டி இருக்காங்களா?" என்று கேட்டார். "இருக்கு சார், அதுக எங்கள மாதிரி இல்ல, ஒழுங்காப் படிக்குதுக" என்று நீ சொன்னாய். எனக்கு இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும் என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

புத்தகம் கூரியரில் என் மண்டிக்குத்தான் வரும். பள்ளிக்கூட முகவரிக்கு வந்தால் உன் மானம் போய்விடும். நீ வராமல் நான் கவரைக் கிழிக்கக் கூடாது, அது நம் சட்டம். சாயங்காலம் நீ பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வருவாய். நான் கிழிப்பேன், நீ முதலில் மோந்து பார்த்துவிட்டு, "உன் மண்டி வாடைய மீறி மை வாசம் வருது பாரு" என்பாய். பிறகு பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்து, உன் ஒரு தொடையிலும் என் ஒரு தொடையிலும் புத்தகத்தை விரித்து வைப்போம். பத்தாவதோடு மண்டிக்கு வந்துவிட்ட எனக்குக் கடைப் பலகை இங்கிலீஷ்தான் தெரியும். படம் பார்ப்பது நான், சொல்வது நீ. நீ சொல்லச் சொல்ல அந்த வெள்ளைக்காரன் நம்ம ஊர்க்காரனாகவே ஆகிவிடுவான். அவன் அம்மா, "செத்த நேரம் உக்காந்து சாப்ட்டுப் போயேம்ப்பா, வெஞ்சனம் ஆறிப் போகுது" என்பாள். காஞ்சமண்டையனுக்கு நீ கொடுத்த வசனமெல்லாம் எனக்கு இன்னும் மனப்பாடம். வில்லனாக இருந்தாலும் அவனுக்கு ஒரு கெத்து இருக்கும். எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

பிறகு உனக்குக் கிட்னி போனது.

வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸ். மழைக்காரனைக் கொண்டாடின வாய்க்குத் தண்ணீரை அளந்து ஊற்ற வேண்டியதாகிவிட்டது. உன் பொண்டாட்டி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், சின்ன டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, நீ குடிக்கிறதைப் பார்க்க முடியாமல் அடுப்படிக்குப் போய்விடுவாள். நீ அதையும் கேலி பண்ணினாய். "பாத்தியா, நானும் வத்திக்கிட்டே வாரேன். அடுத்த மாநாட்டுக்கு வேஷம் கச்சிதமா இருக்கும்." நான் சிரிக்கவில்லை. டாக்டரிடம் போய் என் கிட்னியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். எனக்குச் சர்க்கரை என்று ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அவர் தலையை ஆட்டிவிட்டார். வேண்டாம், முடியாது. அவ்வளவுதான். இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு உனக்கு எந்தப் பிரயோசனமும் இல்லாமல் அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன் மாப்ள. வில்லன் வேஷம் எனக்குச் சரியாகத்தான் பொருந்தியிருக்கிறது என்று அன்றைக்குத் தோன்றியது.

கடைசி இஷ்யூ வந்த அன்று கவரோடு ஆஸ்பத்திரிக்கே எடுத்து வந்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் கிழித்துக் கொடுத்தேன். நீ மோந்து பார்த்தாய். என்றைக்கும் இல்லாமல் முதலில் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாய். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு புத்தகத்தின் முதுகு என் பக்கம் இருக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாய்.

"ஏலே, படத்தக் காட்டு" என்றேன்.

"ஒத்தக் கையில இப்பிடித்தான் புடிக்க முடியும். நீ கதையக் கேளு."

ஒரு கையில் ஊசி குத்தியிருந்தது, அதனால்தான் என்று நானும் விட்டுவிட்டேன். ஊர் முழுக்கத் தீப்பிடித்து எரிகிறது, மழைக்காரன் கடைசியாக ஒரு மழையைக் கொண்டுவருகிறான், தீ அணைகிறது, சனங்கள் தப்பித்துவிட்டார்கள். "அவன்?" என்று நான் பதறிப்போய்க் கேட்டேன். நீ பக்கத்தைத் திருப்பி, என்னைப் பார்க்காமல் சொன்னாய்: "அவனுக்கென்ன? போதும்டா சாமின்னு மழைக்கோட்டக் கழட்டி ரோட்டுல போட்டுட்டு, பஸ் ஏறி ஊருக்குப் போயிட்டான். பஸ்ஸ விட்டு எறங்கி டீக்கடையில தண்ணி கேக்குறான். கடைக்காரரு ஒரு செம்பு நெறையக் குடுக்குறாரு. அண்ணாந்து மடக்கு மடக்குன்னு குடிக்கிறான். சட்டையெல்லாம் நனையுது. அம்புட்டுத்தான்."

"அப்ப அடுத்தது வருமா?"

"வரும் வரும்" என்றாய்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படம் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கையை நீட்டினேன். நாளைக்குத் தாரேன் என்று தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாய். அந்த நாளை வரவில்லை.

உன் வீட்டில், பெட்டியை மூடப்போகிற நேரம். ஃபாதர் ஜெபத்தை முடித்துவிட்டார். உன் கையில் ஜெபமாலை சுற்றியிருந்தது. தங்கச்சி உள்ளே போய் அந்தப் புத்தகத்தை எடுத்துவந்து உன் நெஞ்சில் வைத்தாள். "கடைசியா இதத்தான் கையில வச்சுக்கிட்டே இருந்தாருண்ணே. அவரோடவே போகட்டும்" என்றாள். எனக்குக் கை பாதி வரைக்கும் போய்விட்டது. தங்கச்சிம்மா, நான் இன்னும் படம் பார்க்கவில்லை, ஒரு தடவை பார்த்துவிட்டுத் தந்துவிடுகிறேன் என்று எந்த வாயால் கேட்பது? பெட்டியை மூடினார்கள். கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டு வந்தேன். பைத்தியக்காரன் மாதிரி அன்றைக்கு எனக்கு இரண்டு அழுகை இருந்தது, ஒன்றை வெளியே சொல்ல முடியவில்லை.

போன மாதம் மெட்ராஸில் மறுபடியும் மாநாடு. நான் போகவில்லை என்றுதான் சொன்னேன். காலேஜில் படிக்கிற என் மகள் நஸ்ரின், "மாமா இல்லன்னா என்னத்தா, நான் வாரேன்" என்று இழுத்துக்கொண்டு போனாள். வேஷம் போடவில்லை. கூட்டத்தில் ஒரு மூலையில் பழைய இஷ்யூக்கள் விற்கிற கடை. பெட்டி பெட்டியாகப் புரட்டிக்கொண்டே வந்தேன். பிளாஸ்டிக் உறைக்குள் மழைக்காரன். கடைசி இஷ்யூ.

ஓரமாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தோம். பழக்க தோஷம், அவள் தொடையிலும் என் தொடையிலுமாக விரித்தேன். தீ வந்தது, மழை வந்தது, நீ சொன்ன மாதிரியேதான். காஞ்சமண்டையன் வந்ததும், "இவன் என்ன சொல்றான், சொல்லு" என்றேன். அவள் பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டு, "இவன் வாயே தெறக்கலத்தா. சும்மா உறுமுறான்" என்றாள்.

அப்படியானால் அவன் பேசின வசனமெல்லாம் நீயே கட்டினது. கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். பஸ் இல்லை. டீக்கடை இல்லை. செம்பு இல்லை. ஈரத் தெருவில் மழைக்கோட்டு மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது. அதன் மேல் தூறல் விழுகிறது. கீழே ஒரே ஒரு வரி.

"என்ன எழுதியிருக்கு?"

நஸ்ரின் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தாள். "மாமா உங்கள்ட்ட என்னத்தா சொன்னாரு?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் கண் நிறைந்துவிட்டது. "அப்பிடி இல்லத்தா. அவன் போயிட்டான். தண்ணியோட தண்ணியாப் போயிட்டான்னு போட்டிருக்கு. அடுத்த இஷ்யூ கிடையாது."

பொய்க்காரப் பயலே! உன் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. சட்டையைப் பிடித்து உலுக்கக்கூட நீ இல்லை. ரத்தம் குழாயில் சுற்றிக்கொண்டிருக்க, அந்தப் பக்கத்தைப் பார்த்து, உனக்கு என்ன வரப்போகிறது என்று தெரிந்து, அதை எனக்குக் காட்டாமல் மறைத்துக்கொண்டு ஒரு பஸ்ஸை வரவழைத்திருக்கிறாய். அந்தச் செம்புத் தண்ணீரை மட்டும் நீ எனக்காகச் சொல்லவில்லை. அது உன் தாகம். பக்கத்தில் உட்கார்ந்து, கதை நன்றாக முடிந்தது என்று கை தட்டியிருக்கிறேன் மாப்ள. கூட்டம் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது, இறக்கை கட்டினவன், வாள் பிடித்தவன் என்று எத்தனையோ ஹீரோக்கள். நான் அழுவதைப் பார்த்து ஒரு ஹீரோ தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து நீட்டினான். அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், குடிக்க முடியவில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு தங்கச்சியைப் பார்க்கப் போனேன். புத்தகம் பைக்குள்தான் இருந்தது. கொடுத்துவிடலாம், அவளாவது உண்மையைத் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்துத்தான் போனேன். டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். அந்தப் புஸ்தகத்துல கடைசியா என்னதான் ஆச்சு? அவருகிட்டக் கேட்டேன், சொல்லவே இல்ல. பாய்கிட்டக் கேளு, அவன் சொல்லுவான்னுட்டாரு."

பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

"அவன் பஸ் ஏறி ஊருக்குப் போயிட்டாம்மா" என்றேன்.

"எந்த ஊருக்கு?"

"குஜிலியம்பாறைக்கு. பஸ்ஸ விட்டு எறங்கி டீக்கடையில தண்ணி கேக்குறான்."

உனக்கு அளந்து அளந்து ஊற்றின அந்தக் கை மடியில் அப்படியே நின்றது. சின்னப் பிள்ளை மாதிரி கேட்டாள்: "குடுத்தாங்களாண்ணே?"

"குடுத்தாங்கம்மா" என்றேன். "ஒரு செம்பு நெறையக் குடுத்தாங்க."