செம்மேட்டில் மரம் நட வந்தவர்கள்

மஞ்சக்குப்பம், கடலூர்
29.1.2012

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் தில்லை எழுதுவது. நானும் அத்தையும் நலம். அஞ்செட்டிக் காட்டில் குளிர் எப்படி? ஸ்வெட்டரைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் முகாமில் செல்போன் சிக்னல் கிடைக்காததும் நல்லதுதான். ஃபோன் என்றால் "சாப்டியா, தூங்கினியா" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவீர்கள். கடிதம் என்றால் நான் சொல்வதை முழுசாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

புயல் அடித்து ஒரு மாதம் ஆகிறது. ஓடு மாற்றியாகிவிட்டது, கரண்டும் வந்துவிட்டது. தெருவில்தான் மரமே இல்லை. மத்தியானம் கதவைத் திறந்தால் கண் கூசுகிறது. அத்தை என்னைத் தண்ணீர்க் குடம் தூக்க விடுவதில்லை. துணி துவைப்பதும் அவர்தான். எதற்கென்று கடைசியில் சொல்கிறேன்.

இங்கே வேலையில் இருந்தபோது நீங்கள் காத்துவந்த செம்மேட்டுப் புல்வெளிக்கு ஒரு ஆபத்து வந்தது. பயப்படாதீர்கள், நல்லபடியாக முடிந்தது.

நம் தெருக்கோடி ராமாமிர்தம் சாரைத் தெரியுமே, ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர். புயலில் அவருடைய மாந்தோப்பு முழுக்கச் சாய்ந்துவிட்டது. அன்று முதல் மரம் நட வேண்டும் என்பதுதான் பேச்சு. குடியரசு தினத்துக்கு முதல் நாள் நம் வீட்டுக்கு வந்து, "நாளைக்கு மரம் நடுறோம், நீயும் வரணும்மா. எந்த எடம்னு இப்ப சொல்ல மாட்டேன். உன் வீட்டுக்காரரு கதிர்வேல் கேட்டா ரொம்ப சந்தோஷப்படுவாரு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். காலையில் ஆட்டோ அனுப்பினார். நானும் அத்தையும் போய் இறங்கினால், செம்மேடு!

புயல் வேலிக்கம்பங்களைச் சாய்த்து, உங்கள் வனத்துறை வைத்த பலகையையும் தூக்கிப்போய்விட்டது. அது பாதுகாக்கப்பட்ட இடம் என்பதற்கு அடையாளமே இல்லை. பார்ப்பவர்களுக்கு வெறும் தரிசு. நெல்லிக்குப்பத்து உத்திராபதியின் டிராக்டர் நிறைய மரக்கன்றுகள். ஓரமாகக் குழி வெட்டவும் தொடங்கிவிட்டார்கள். உங்கள் பழைய ஆபீசுக்கு ஃபோன் செய்தேன். விடுமுறை நாள், யாரும் எடுக்கவில்லை.

நேராகக் குழிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். "சார், இங்க மரம் வைக்கக் கூடாது. நெழலு வந்தா இந்தப் புல்லும் செடியும் செத்துப் போயிடும்" என்றேன். "வெறும் புல்லுக்கா இந்தக் கூப்பாடு?" என்று யாரோ கேட்டார்கள். சார் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாகப் போயிற்று. "மரம்னா நல்லதுதானேம்மா? புள்ளைங்க மாதிரி வளத்ததையெல்லாம் காத்து கொண்டு போயிடுச்சு. எங்கியாவது நாலு கன்னு வச்சாதான் எனக்குத் தூக்கம் வரும்" என்றார். அந்த மனுஷரிடம் என்ன வாதாடுவது?

அவர் கையைப் பிடித்துக் கொஞ்சம் உள்ளே கூட்டிப் போனேன். நீங்கள் எனக்குக் காட்டிய, பூச்சி தின்னும் அழுகண்ணிச் செடியைக் காட்டினேன். செக்கச்செவேல் என்று தரையோடு ஒட்டிக் கிடந்தது. இலை முழுக்கப் பசைத்துளிகள். ஒன்றில் ஒரு கொசு மாட்டியிருந்தது, இலை அதை மெல்ல மூடிக்கொண்டிருந்தது. சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெள்ளை வேட்டியோடு ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "நம்ம ஊர்லயா இது இருக்கு?" என்று கேட்டார். வெயில் படும் இந்த ஈர மணலில்தான் இருக்கும், சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் இல்லை என்று நீங்கள் சொன்னதைச் சொன்னேன்.

அப்போது அத்தை பின்னாலிருந்து, "எம் மவன் இதுங்களுக்குக் கொடை புடிக்காத கொறதான். புதுப் பொண்டாட்டிய சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போடான்னா, இங்க கூட்டியாந்தான்" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

சார் எழுந்து, வெட்டிய குழிகளைத் தன் கையாலேயே மூடினார். "பாத்து நடங்கப்பா, மிதிச்சிடாதீங்க" என்று மற்றவர்களை விரட்டினார். டிராக்டர் மஞ்சக்குப்பத்துக்கே திரும்பியது. சாயங்காலத்துக்குள் நம் தெரு முழுக்கக் கன்று நட்டாகிவிட்டது. நம் வாசலில் ஒரு புங்கன். சார் தினமும் குடத்தோடு தெருவைச் சுற்றுகிறார். முகத்தில் பழைய களை வந்திருக்கிறது.

மறுநாள் உங்கள் அதிகாரி வந்து பார்த்தார். தற்காலிகமாக ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். இங்கே உங்கள் பழைய வேலையிடம் காலியாகத்தான் இருக்கிறதாம், நீங்கள் மாறுதல் மனு கொடுத்தால் போதுமாம். நீங்களாகக் கேட்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். யாரிடமும் சலுகை கேட்காத உங்கள் வைராக்கியம் எனக்குப் பிடிக்கும். ஆனால் இப்போது வேண்டாம்.

நேற்று அத்தையோடு சிதம்பரம் டாக்டரம்மாவிடம் போய் வந்தேன். தீபாவளிக்கு நீங்கள் வந்து போனதிலிருந்து கணக்குப் போட்டுப் பார்த்து, மூன்று மாதம் தாண்டிவிட்டது, எல்லாம் நன்றாக இருக்கிறது, பயமில்லை என்றார். அவர் வாயால் அதைக் கேட்ட பிறகுதான் உங்களுக்கு எழுத எனக்குத் தைரியம் வந்தது. அத்தை தில்லைக்காளிக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருக்கிறார்.

போன தடவை நீங்கள் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உங்களைக் குறை சொல்லவில்லை. ஆடி மாதம் பிரசவம் என்கிறார் டாக்டரம்மா. இந்தத் தடவை பக்கத்தில் இருங்கள், மாமா. மனுவை நாளைக்கே எழுதுங்கள்.

என்றும் உங்கள்
தில்லை