வளைவில் வைக்கிற போர்டு

1999, புரட்டாசி, வியாழன் இரவு

என் வீட்டுக்காரர் செத்த வளைவில் போர்டு வைக்க இன்றைக்குத்தான் வந்தார்கள். ரோடு மேஸ்திரியும், முள்ளுக்குறிச்சி பெயிண்டர் பாயும். பாய் தகரத்துக்கு மஞ்சள் அடித்துவிட்டு, "டேஞ்சர்னு எழுதட்டுங்களா, காஷன்னு எழுதட்டுங்களா?" என்று கேட்டார்.

"காஷன் போடு பாய். டேஞ்சர்னா டூரிஸ்ட்டு பயந்துக்குவாங்க. ரெண்டும் ஒண்ணுதான்" என்றான் மேஸ்திரி.

கிழங்குக் காட்டிலிருந்து ரோட்டுக்கு ஏறினேன். "ரெண்டுக்கும் என்ன அர்த்தமுங்க?"

பாய் தயங்கினார். "டேஞ்சர்னா உசுரு போயிரும்னு அர்த்தமுங்க. காஷன்னா பாத்துப் போங்கன்னு."

பாத்துப் போங்க. அதைத்தான் தினமும் நான் சொல்லி அனுப்பினேன். அன்றைக்கும் சொன்னேன். அவர் பார்த்துத்தான் வந்தார். சந்தையில் மிளகு விற்றுவிட்டு மொபெட்டில் மலை ஏறினார். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி நிற்க வேண்டும் என்பதுகூடத் தெரியாத கார்க்காரன் இடித்துத் தள்ளினான்.

"ஒண்ணுதான்னா டேஞ்சர்னே எழுதுங்க" என்றேன்.

"ஏம்மா, உங்க ஊட்டுக்காரர் போயிட்டார்னு ஊரையே பயமுறுத்தோணுமா?" என்று மேஸ்திரி சிரித்தான்.

சிரித்தான்.

ஈரம் காயாத தகரத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவன் கத்திக்கொண்டே பின்னால் வந்தான். பாய் வரவில்லை.

நாளைக்கு ஆளோடு வருவானாம். வரட்டும். என் வாசலிலேயே வைத்து டேஞ்சர் என்று எழுதிவிட்டுத் தகரத்தைக் கொண்டு போகட்டும். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்து டீச்சரம்மா வந்து படித்துச் சொன்ன பிறகுதான் கையை எடுப்பேன்.