வீட்டுப் பக்கம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. உடம்பைப் பொறுத்தவரை இங்கே எல்லாரும் சுகமாகத்தான் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறீர்களா என்று தெரிந்துகொள்ள எழுதுகிறேன். போன் இருக்கும்போது இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். மேட்டில் கட்டிக்கொடுத்த இந்த வீட்டில் இருப்பதே இரண்டு அறை, ஒன்றில் உன் அப்பா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார், நான் எங்கே போய்ப் பேசுவது. கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து தையல்காரி வீட்டு மேஜையில் வைத்து எழுதுகிறேன். இவள் மெஷினை ஓட்டும்போதெல்லாம் மேஜை ஆடுகிறது, எழுத்து கோணல்மாணலாக இருந்தால் என்னைத் திட்டாதே.

ஏரி இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. நீ போனபோது படகு கட்டும் தூண் கரையில் நின்றது, இப்போது அதன் தலைகூடத் தெரியவில்லை. தண்ணீர் கூடினால் மீனும் கூடும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள், இந்தத் தையல்காரியே உங்களுக்கென்னக்கா யோகந்தான் என்றாள். கரையோரக் கோரைக்குள்தான் மீன் முட்டையிடும், அந்தக் கோரை முழுக்க ஆழத்தில் போய் அழுகிவிட்டது. பெரிய மீனெல்லாம் நம் வலைக்கு எட்டாத அடியில் கிடக்கிறது, மீதி மீன் மூழ்கிப்போன பழத்தோட்டத்துக்குள் புகுந்துகொண்டது. அங்கே வலை போட்டால் மீனும் வராது வலையும் வராது. ஐஸ் வண்டி வருகிற ரோடும் தண்ணீருக்குள் போய்விட்டதால் கிடைக்கிற கொஞ்சநஞ்சமும் வெயிலில் கெட்டுப்போகிறது. அதனால்தான் உன் அப்பாவும் சித்தப்பாவும் போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போக ஆரம்பித்தார்கள்.

சித்தப்பா போனதை உனக்குப் போனில் சொன்னேனே தவிர எப்படி என்று சொல்லவில்லை, படகு மரத்தில் மோதியது என்று மட்டும் சொன்னேன். உனக்கே தெரியும், நம் படகுகளில் யாரும் இடது வலது என்று சொல்வதில்லை. வலை இழுப்பவர் எந்தப் பக்கம் திரும்பி நிற்பார் என்று சொல்ல முடியாது, இவருடைய இடது அவருக்கு வலது. அதனால் ஒரு கரை வீட்டுப் பக்கம், எதிர்க்கரை மேட்டுப் பக்கம், அவ்வளவுதான். பழைய வீடுகள் தண்ணீருக்குள் போனதும் இப்போது வீடுகளே மேட்டுக்கு வந்துவிட்டன. எல்லாம் தலைகீழாகிவிட்டது, அதை ஒருத்தரும் யோசிக்கவில்லை. அன்றைக்குக் காற்று பலமாக இருந்ததாம். உன் அப்பா மோட்டாரைப் பிடித்திருக்கிறார், சித்தப்பா முன்னால் நின்று வலை இழுத்திருக்கிறார். திடீரென்று வீட்டுப் பக்கம், வீட்டுப் பக்கம் என்று கத்தினாராம். உன் அப்பா கொஞ்சமும் யோசிக்காமல் பழைய வீடு இருந்த பக்கம் திருப்பிவிட்டார். அங்கேதான் தோட்டத்து மரங்கள் நீருக்கு ஒரு சாண் கீழே நிற்கின்றன. மோதிய வேகத்தில் சித்தப்பா வலையோடு போய் விழுந்தார், வலை கிளையில் மாட்டிக்கொண்டது. உன் அப்பா குதித்துக் கத்தியால் அறுத்துப் பார்த்தார். அந்தக் காயம் இன்னும் அவர் கையில் ஆறவில்லை.

அதற்குப் பிறகு ஏரிப் பக்கமே போகவில்லை. முன்பும் அவர் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும், இப்போது சுத்தமாகப் பேச்சில்லை. ஒரு நாள் மட்டும் என்னிடம், அவன் இந்த வீட்டத்தான் சொன்னான், மரத்தப் பாத்துட்டுத்தான் மேட்டுக்குத் திருப்பச் சொன்னான், நாந்தான் அவனக் கொண்டுபோய் மோதுனேன் என்றார். சாப்பாட்டைத் தட்டில் போட்டால் அப்படியே காய்கிறது. மனுஷர் பாதியாகிவிட்டார், பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. மற்ற படகுக்காரர்கள் இப்போது வீடு என்ற சொல்லையே விட்டுவிட்டுப் பள்ளத்துப் பக்கம், மேட்டுப் பக்கம் என்கிறார்கள். புத்தி வந்துவிட்டது எல்லாருக்கும்.

போன வாரம் உன் சித்தி வந்தாள். வந்தவள் நேராக அவர் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள். மாமா, நீங்க சாப்பிடாம கெடக்குறீங்கன்னு அக்கா சொன்னாங்க, நான் ஒண்ணு சொல்றேன் கேளுங்க, இங்க மேட்டுக்கு வந்ததுல இருந்து அவரு ஒருநாள்கூட இத வீடுன்னு சொன்னதில்ல, கொட்டகைன்னுதான் சொல்வாரு, வீடுன்னா அவருக்குப் பழைய வீடுதான், அவரு சொன்ன பக்கந்தான் நீங்க திருப்புனீங்க என்றாள். உன் அப்பா நிமிர்ந்து, நிஜமாவா என்று கேட்டார். அவள் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே, என் புருஷனப் பத்தி எனக்குத் தெரியாதா என்றாள். அன்றைக்கு மத்தியானம் அவர் தட்டைக் காலி செய்தார் மகளே.

அவள் சமையலறைக்கு வந்து குழாயை முழுக்கத் திறந்துவிட்டு அழுதாள், சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்று. நான் அவளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் சொன்னது அத்தனையும் பொய் என்று எனக்குத் தெரியும். இங்கே அலமாரிப் பலகை அடிக்க வந்த அன்றைக்கே, அண்ணி, பழைய வீட்ட மறந்துருங்க, இனிமே நமக்கு இதுதான் வீடு என்று சிரித்துக்கொண்டு சொன்னவர் உன் சித்தப்பா. உன் அப்பா அப்போது படகடியில் இருந்தார், கேட்கவில்லை. தன் புருஷன் வாயாலேயே தன் புருஷன் செத்தான் என்று ஒருத்தி தானாகச் சொல்ல வேண்டியிருந்தது பார். எனக்கு அந்த தைரியம் வந்திருக்காது.

இப்போது உன் அப்பாவுக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. நம்ம மகளக் கேட்டா தெரியும், அவன் அவகிட்ட எதையும் மறைக்க மாட்டான், அவளுக்கும் பொய் பேசத் தெரியாது என்கிறார். ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கூப்பிடப் போகிறார். சித்தப்பா உன்னிடம் போனில் இந்த வீட்டைப் பற்றித்தான் பெருமையடித்தார், உனக்கு ஜன்னலோர இடம் பிடித்து வைத்திருப்பதாகச் சொன்னார், நீதான் என்னிடம் சொல்லிச் சிரித்தாய். அதையெல்லாம் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதே. பொய் சொன்னதற்காக உன் வாயிலேயே அடித்து வளர்த்தவள் நான், நானே இப்படி எழுதுகிறேன் என்றால் புரிந்துகொள்.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியது. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. ஞாயிற்றுக்கிழமை போனை நீயே எடு. இந்த வீட்ட அவன் கொட்டகைன்னுதான் சொல்வானா என்று அவர் கேட்டதும் ஆமாப்பா என்று உடனே சொல்லிவிடு. கொஞ்சம் தயங்கினாலும் அவருக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
உன் அம்மா